சேலை முதலில், மட்டன் கடைசியில்: கோலாலம்பூரில் தீபாவளிச் சாமான் வாங்குவது

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலானவர்களுக்கு அக்டோபர் சம்பளம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும். அதற்குப் பிறகு மிஞ்சுவது ஒரே வாரம். அக்டோபர் 31, நவம்பர் 1 இரண்டு நாளும் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் கால் வைக்க இடம் இருக்காது. போதாக்குறைக்கு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் ஆனால் இடியும் மழையுமாகக் கொட்டும். சம்பளம் வரட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளிப் போடுகிறவர்கள் அந்த இரண்டு நாளில் சேலையும் வாங்கி, தையற்காரரிடம் கெஞ்சி, மளிகையும் தூக்கிக்கொண்டு நனைந்து வீடு வருவார்கள். இரவிக்கை பொருந்தாது, முறுக்கு எண்ணெய் குடிக்கும், மட்டன் வேகாது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வரிசை தப்பியது.

வரிசை எளிது. இன்னொருவர் கைபட வேண்டியவை எல்லாவற்றுக்கும் முன்னால்: தையல், மாவு மில், பலகார ஆர்டர். கெட்டுப்போகிறவை எல்லாவற்றுக்கும் பின்னால்: இறைச்சி, பூ, தேங்காய்ப்பால். மற்றவை நடுவில் எப்போது வேண்டுமானாலும். காசு தட்டுப்பாடு என்றால், செப்டம்பர் சம்பளத்தில் துணி, அக்டோபர் சம்பளத்தில் சாப்பாடு என்று பிரித்துக்கொள்வதுதான் வழி.

துணி

நல்ல தையற்காரர்கள் பண்டிகைக்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே “ஆர்டர் முடிந்தது” என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே சேலை செப்டம்பர் கடைசிக்குள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும், இரவிக்கைத் துணி அக்டோபர் முதல் வாரத்தில் தைக்கப் போயிருக்க வேண்டும்.

மஸ்ஜித் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை வட்டாரத்துக்குக் காரில் போகாமல் மஸ்ஜித் ஜாமெக் அல்லது பண்டாராயா எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி நடப்பது நல்லது. சனிக்கிழமை மாலை லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடும். அன்று துணிக்கடைக்குப் போகாதீர்கள். வார நாளில் காலை பதினொரு மணிக்குள் போனால் கடைக்காரருக்கு நிதானம் இருக்கும், பத்து சேலையை விரித்துக் காட்டுவார். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்ய வேண்டாம். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் மெரூனாகத் தெரிந்தது வெளியில் செங்கல் நிறமாக இருக்கும்.

பட்டு என்ற பெயரில் விற்பதெல்லாம் பட்டில்லை. “சாஃப்ட் சில்க்”, “ஆர்ட் சில்க்” என்று எழுதியிருப்பதில் நிறைய பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்திருக்கும். அவற்றை வாங்குவது தப்பில்லை. பட்டு விலை கொடுப்பதுதான் தப்பு. முந்தானை ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவித் தரச் சொல்லி, வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்பே வெளியில் கொளுத்திப் பாருங்கள். பட்டு மெதுவாகக் கருகும், முடி பொசுங்கிய வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் தூளாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். விஸ்கோஸ் காகிதம் போல எரியும். ஜரிகையையும் இப்படிச் சோதிக்கலாம். ஓர் இழையை நகத்தால் சுரண்டினால் அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும், அதன்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி முலாம் பூசியிருப்பார்கள். சாயல் ஜரிகையில் செம்போ வெறும் வெள்ளை நூலோ எட்டிப்பார்க்கும். காஞ்சிபுரம் பட்டுக்கு இந்தியாவில் 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விற்பவர் எல்லாரும் அந்த ஊர்த் தறியில் நெய்ததை விற்பதில்லை. அசல் பட்டு என்று சான்று சொல்லும், எண்ணுள்ள சில்க் மார்க் அட்டை கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.

பண்டிகை நாளில் சேலை கட்டிக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதையும் யோசித்து வாங்க வேண்டும். கோயிலுக்குப் போய்விட்டு ஏ.சி. ஹாலில் உட்காரப் போகிறவருக்கு கனத்த காஞ்சிப் பட்டு அழகு. காலை ஆறு மணியிலிருந்து திறந்த இல்ல உபசரிப்பு (வீட்டைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து) முடியும்வரை அடுப்படியில் நிற்கப் போகிறவருக்கு அது தண்டனை. அவருக்குக் காட்டன் சில்க்கோ, மெல்லிய கோயம்புத்தூர் காட்டனோ சரி. இந்த ஊர் புழுக்கத்தில் பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, பத்து மணிக்கே முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இரவிக்கையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சேலை ஐந்தரை மீட்டர், அதோடு ஒட்டி வரும் இரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முழங்கை வரை கை வேண்டும், அல்லது உடல்வாகு பெரிது என்றால் 80 போதாது. ஒரு மீட்டர் தனித்துணி எடுத்து, ஒட்டிவந்த துணியின் பார்டரைக் கைக்கு மட்டும் வைத்துத் தைக்கச் சொல்லலாம். சேலையிலிருந்து இரவிக்கைத் துணியை வெட்டுவதற்கு முன் முந்தானை எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அளவு எடுப்பதோடு விடாமல், நன்றாகப் பொருந்துகிற பழைய இரவிக்கை ஒன்றையும் கொடுத்து, அதில் எது பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கழுத்து முன்னால் அரை இஞ்ச் ஏறணும், அக்குள் கொஞ்சம் தளரணும்.” லைனிங் காட்டனாக இருக்கட்டும், வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்ததாக இருக்கட்டும். நனைக்காத லைனிங் முதல் சலவையில் சுருங்கி மேல்துணியை இழுக்கும். நன்றாக இருந்த இரவிக்கை அடுத்த ஆண்டு அள்ளிப் பிடிப்பதற்கு உடம்பு மட்டும் காரணமில்லை. பக்கவாட்டில் உள்மடிப்பாக இரண்டு பக்கமும் ஓர் இஞ்ச் விடச் சொல்லுங்கள்.

தைத்து வந்ததும் கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தால் போதாது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். அடி விளிம்பு மேலே ஏறி நின்றுவிட்டால் அக்குள் வெட்டு ஆழமாகிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து குனியுங்கள், கொக்கிக்கு நடுவே வாய் பிளந்தால் மார்பளவு குறைவு. இதையெல்லாம் திருத்த ஒரு வாரமாவது வேண்டும், அதனால்தான் நவம்பர் முதல் தேதிக்கு முன்பே இரவிக்கை கையில் இருக்க வேண்டும் என்கிறேன். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கவும் அதே நேரத்தில் கொடுத்துவிடலாம். உள்பாவாடை காட்டனாக இருந்தால் சேலையைப் பிடித்துக்கொள்ளும். சாட்டின் வழுக்கும், பட்டின் கனத்துக்குக் கொசுவம் மதியத்துக்குள் இறங்கிவிடும்.

கொசுவத்தை முதல் நாள் இரவே எடுத்து, ஜரிகைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு, சூடு குறைத்து இஸ்திரி போட்டு வைத்தால் விடியற்காலையில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். போடப் போகும் செருப்பைப் போட்டுக்கொண்டே கட்டுங்கள், உயரம் சரியாக வரும்.

ஆண்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு முழ வேட்டி இரட்டையாக மடித்துக் கட்டுவதால் உடம்பு தெரியாது, நான்கு முழத்துக்கு அந்த வசதி இல்லை. ஜிப்பாவில் தோள்பட்டைத் தையல் தோள் எலும்பில் நிற்க வேண்டும், மற்றதெல்லாம் தையற்காரர் சரிசெய்துவிடுவார்.

குழந்தைகள் துணியில் இரண்டு விஷயம். பட்டுப்பாவாடையின் இடுப்பிலும் அடியிலும் மடித்துத் தைத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் வரும். இரவிக்கையின் உள்ளே ஜரிகை தோலில் படாமல் காட்டன் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரத்தில் கழற்றச் சொல்லி அழும். இரண்டாவது, மத்தாப்பு. எரியும் கம்பியின் நுனி ஆயிரம் டிகிரியைத் தாண்டும். நைலான் துப்பட்டாவும் பாலியஸ்டர் லெஹங்காவும் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். மத்தாப்புக் கொளுத்தும் நேரத்துக்குக் குழந்தைக்கு உடம்போடு ஒட்டிய பழைய காட்டன் உடுப்பை மாற்றிவிடுங்கள். துப்பட்டா வேண்டவே வேண்டாம்.

மாவும் பலகாரமும்

முறுக்கு மாவை அக்டோபர் கடைசி வாரத்தில் அரைத்து வைத்துவிடலாம். ஒரு கிலோ பச்சரிசிக்கு 200 முதல் 250 கிராம் உளுந்து. அரிசியைக் கழுவி வடித்துத் துணியில் பரப்பி நன்றாகக் காயவைக்க வேண்டும். மழைக்காலமாதலால் வெயிலை நம்ப முடியாது, காற்றாடிக்குக் கீழே ஒரு இரவும் பகலும் போட்டுவிடுங்கள். உளுந்தைச் சிறுதீயில் வாசம் வரும்வரை, நிறம் மாறாமல் வறுக்கவும். மில்லில் கொடுக்கும்போது முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவு விழுந்தால் முறுக்கு சிவந்து காரமாகிவிடும். மில்லிலிருந்து வரும் மாவு கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் ஆவி உள்ளேயே நீராகிக் கட்டி தட்டும், புளித்த வாடையும் வரும். காகிதத்தில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, சலித்து, அப்புறம்தான் மூடி.

மொத்த மாவு ஒன்றேகால் கிலோவுக்கு வெண்ணெய் 100 கிராம் அளவு. கூடினால் முறுக்கு எண்ணெயில் கரைந்து உதிரும், குறைந்தால் பல்லை உடைக்கும். ஓமமோ சீரகமோ எள்ளோ, எதுவானாலும் குழலின் அச்சு ஓட்டையில் அடைக்காத அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். மாவை முழுவதும் ஒரே தடவையில் பிசையாதீர்கள். கடைசியில் மிஞ்சுவது காய்ந்து, பிழியும்போது அறுந்து அறுந்து விழும், பொரித்தாலும் சிவந்துபோகும். அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பிசைந்து ஈரத்துணியால் மூடி வையுங்கள். எண்ணெயில் ஒரு துளி மாவைப் போட்டால் அடியில் போய் உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, அந்தச் சூட்டில் பிழிந்த முறுக்குதான் எண்ணெய் குடிக்கும். சலசலப்பு அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். ஈரம் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த ஊர்க் காற்றில் திறந்த டப்பா முறுக்கு அரை நாளில் நமுத்துவிடும். ஒரு பெரிய டின்னில் நிரப்புவதைவிட நான்கைந்து சின்ன டின்களில் பிரித்து, வேண்டும்போது ஒன்றொன்றாகத் திறப்பது நல்லது.

அதிரசத்துக்கு எதிர்மாறு: அரிசி காயக்கூடாது. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் அரை மணி நேரம் போட்டு, கையில் ஒட்டாத ஈரத்தோடு மிக்சியில் அரைத்துச் சலிக்க வேண்டும். மாவைக் கைப்பிடியாகப் பிடித்தால் நிற்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு வெல்லம் முக்கால் கிலோ. கரைத்து வடிகட்டி மண் நீக்கிய பிறகுதான் பாகு காய்ச்ச வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டால் திரண்டு உருட்ட வரும் பதம். இளம்பாகானால் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல்லாகும். கலந்த மாவை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து சுட்டால்தான் மென்மை வரும், ஆகவே இதைத் தீபாவளிக்கு முதல் நாள் தொடங்க முடியாது. நெய் உருண்டை சுலபம், வறுத்த பச்சைப்பயற்று மாவு, பொடித்த சீனி, கொதிக்கும் நெய். நெய் சூடாக இருக்கும்போதே கைபொறுக்க உருட்டிவிட வேண்டும்.

பலகாரத்தை ஆர்டர் கொடுப்பவர்கள் எண்ணிக்கையைச் சொல்வதோடு, எப்போது பொரித்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கருகில் வைத்தால் பழைய எண்ணெய்ச் சிக்கு தெரிந்துவிடும்.

மில்லுக்குப் போகும் அதே பயணத்தில் கறித்தூளையும் முடித்துவிடலாம். இறைச்சிக்கு: மல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரைக் கிலோ, சோம்பு 200 கிராம், சீரகம் 150, மிளகு 100, மஞ்சள் 100. பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். சேர்த்து வறுத்தால் மல்லி பதமாவதற்குள் சீரகம் கருகும். மாவை அரைத்துவிட்டு அப்புறம் இதைக் கொடுங்கள்.

மட்டன்

விருந்தின் பேர் நிற்பதும் கெடுவதும் இதில்தான். முதலில் எந்த ஆடு என்று தெளிவாகக் கேளுங்கள். உறைந்த பாக்கெட்டில் வரும் ஆஸ்திரேலிய இறைச்சி பெரும்பாலும் செம்மறி. கொழுப்பு அதிகம், சீக்கிரம் வேகும், வாடை கொழுப்பில்தான் இருக்கும். கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டால் பாதி வாடை போய்விடும். பசாரில் அறுத்துத் தொங்கும் உள்ளூர் வெள்ளாடு கொழுப்புக் குறைவு, ருசி அதிகம், வேக நேரம் எடுக்கும். பெரட்டலுக்கு வெள்ளாடுதான் என்பது என் கருத்து. செம்மறியை வற்றவிட்டால் சட்டி முழுக்கக் கொழுப்பு மிதக்கும். குழம்புக்கு எதுவானாலும் தகும்.

சௌகிட்டிலோ புடுவிலோ செந்தூலிலோ, வழக்கமாக வாங்கும் கடையில் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்து, எந்தப் பாகம் என்றும் குறிப்பிடுங்கள். குழம்புக்கு நெஞ்செலும்பும் கழுத்தும் முன்சப்பையும் கலந்து. பெரட்டலுக்குத் தொடையும் முன்சப்பையும். தொடை மட்டும் வாங்கினால் பார்க்க அழகு, வாயில் வறட்சி. துண்டு இரண்டு விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. கோழிக் கறியும் மற்றதும் உடன் இருக்கும் விருந்துக்கு, எலும்போடு ஒரு கிலோ ஐந்தாறு பேருக்குப் போதும்; இருபது பேருக்கு நான்கு கிலோ. நல்ல இறைச்சி இளஞ்சிவப்பாக, தொட்டால் ஈரப்பசையோடு ஆனால் வழவழப்பில்லாமல் இருக்கும்; விரலால் அமுக்கினால் பள்ளம் திரும்ப நிமிரும். கொழுப்பு வெள்ளையாக இருக்கட்டும், மஞ்சள் என்றால் வயதான ஆடு.

அன்றே அறுத்தது அன்றே சமைத்தால்தான் ருசி என்று பலர் நம்புகிறார்கள். அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் ஏற்றினால் எத்தனை விசில் விட்டாலும் ரப்பராகவே இருக்கும். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் விறைப்பு தளரும். ஆகவே ஞாயிறு விடியற்காலை சமைக்க, சனிக்கிழமை காலையில் வாங்குவது கச்சிதம். வெள்ளி, சனி சைவம் பார்க்கும் வீட்டிலும் வாங்கி மூடிவைக்கலாம், அடுப்பு ஏறுவது ஞாயிறுதானே. சனிக்கிழமை முன்னோருக்குப் படையல் போடுகிறவர்கள் அதற்கான கறியை வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும். போகும்போது ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். இறைச்சியைக் காரில் வைத்துவிட்டு பூவுக்கும் வெற்றிலைக்கும் ஒரு மணி நேரம் சுற்றினால், அந்தச் சூட்டில் கெடத் தொடங்கிவிடும்.

உறைந்தது வாங்கினால், இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று கணக்கிட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். நான்கு கிலோ கட்டி என்றால் வெள்ளிக்கிழமை விடியற்காலையே ஃப்ரீசரிலிருந்து இறங்கியாக வேண்டும். சிங்க்கில் போட்டு உருகவைப்பதில் வெளிப்புறம் கெட்டுப்போகும், உள்ளே இன்னும் பனிக்கட்டி இருக்கும். உருகும்போது வடியும் நீரும் எடையில் சேர்ந்ததுதான், அதனால் அரைக் கிலோ கூட வாங்குவது புத்தி.

முஸ்லிம் நண்பர்கள் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருவார்கள் என்றால் இறைச்சியும் கோழியும் ஹலால் கடையில், முத்திரை பார்த்து வாங்குங்கள். சைவ உறவினர்களுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, மேசையின் வேறு முனை.

கடைசி இரண்டு நாள்

அரசு பண்டிகையை ஒட்டிச் சில பொருள்களுக்கு அதிகபட்ச விலை அறிவிக்கும். எலும்போடு வரும் இறக்குமதிச் செம்மறி, தக்காளி, இந்தியச் சின்ன வெங்காயம், தேங்காய், பருப்பு போன்றவை அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்கும். அவற்றுக்கு இளஞ்சிவப்பு விலை அட்டை வைத்திருக்க வேண்டும். அட்டை இல்லாத கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பையில் போடுங்கள். சின்ன வெங்காயத்தை முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் முளைவிடும். கூடையில் காற்றாடப் போடுங்கள்.

தேங்காய்ப்பால் சமைக்கும் நாளில்தான். பசாரில் துருவி வாங்கிய தேங்காய் இந்த வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் வெளியில் இருந்தால் புளித்துவிடும். ஞாயிறு விடியற்காலைக்கு வேண்டுமென்றால் சனிக்கிழமை துருவி வாங்கி உடனே ஃப்ரீசரில் போட்டு, காலையில் வெந்நீர் விட்டுப் பிழியுங்கள். மல்லிகையை மலர்ந்ததாக வாங்காமல் மொக்காக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் தலையில் மலரும். இறைச்சி இருக்கும் தட்டில் வைக்காதீர்கள்.

எண்ணெய்க் குளியல் முடிந்து பட்டு உடுத்துபவர்கள் சீயக்காயை இரண்டு தடவை தேய்த்து அலசி, முடி முழுவதும் உலர்ந்த பிறகே இரவிக்கையைப் போடுங்கள். கழுத்தோரம் இறங்கும் நல்லெண்ணெய் பட்டில் பட்டால் தண்ணீர் தொடாதீர்கள், முகப்பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விட்டுத் தட்டுங்கள். புதுத்துணியில் வைக்கும் மஞ்சள், பட்டில் போகவே போகாது. சேலைக்கு அதை இடுப்பில் செருகும் உள்முனையில் வைத்தால் சடங்கும் ஆயிற்று, சேலையும் தப்பியது.

மிஞ்சும் கறிக்கும் முன்பே திட்டம் வேண்டும். பெரிய சட்டியோடு மேசையில் கிடக்கும் குழம்பு உள்ளே ஆறுவதற்கே பல மணி நேரம் எடுக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். உருளைக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் சேர்த்தது முதலில் கெடும், அதை அன்றே முடித்துவிடுங்கள். தீபாவளி அமாவாசை முடிந்ததும் கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். விரதம் பிடிக்கும் வீட்டில் ஆறு நாளைக்கு அசைவம் இல்லை. அவர்கள் மட்டனில் ஒரு கிலோ குறைத்தே வாங்கலாம். அப்படியும் மிஞ்சினால் பெரட்டலை மட்டும் அரைக் கிலோ பாக்கெட்டுகளாகத் தட்டையாக அடைத்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள்.